அடியார் வழியும் வேட்டைக் காடும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே, களப்பு நீர் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது தொண்டைமானாறு என்னும் ஊர். ஆறு என்று பெயர் பெற்றிருப்பினும், மலையிற் பிறந்து பாய்ந்து வரும் ஆறு அங்கே இல்லை. வடமராட்சியைக் குடாநாட்டின் ஏனைய பகுதிகளினின்றும் பிரித்துத் தென்கிழக்கே நெடுந்தூரம் செல்லும் உவர்நீர்க் களப்பின் வாயே அது. கருணாகரத் தொண்டைமான் என்பான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு இந்நீர்வழியைத் திருத்தி அமைத்தான் என்பது யாழ்ப்பாண வைபவமாலை வழியாக நமக்குக் கிடைத்துள்ள ஐதிகம். ஊருக்குத் தெற்கே வல்லை வெளி. நிழல் தரும் மரம் அரிது, நிலம் உவர், காற்று ஓயாது வீசும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியாற் செல்வோர் அவ்வெளியைக் கடக்கும்போது, வறண்ட நிலம் என்பது எத்தகையது என்பதனைக் கண்ணாற் கண்டு கொள்ளலாம்.

அவ்வாற்றங்கரையில் எழுந்தருளியிருப்பவர் செல்வச்சந்நிதி முருகன். மீன்பிடித் தொழில் செய்த மரபிலே தோன்றிய மருதர் கதிர்காமர் என்னும் அடியார் வழியாக இக்கோயில் வழிபாடு தொடங்கிற்று என்பர். வேலே மூர்த்தியாக விளங்கும் அக்கோயிலிற் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாது மௌனமாகப் பூசை செய்வர். கதிர்காமத்து வழக்கமும் அதுவே. ஆதலினால் சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் அழைப்பர். ஆண்டுதோறும் சந்நிதியில் வணங்கிப் புறப்பட்டு, இலங்கையின் கிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ 800 கிலோமீற்றர் நடந்து, ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரை இந்த உறவினின்றும் பிறந்தது. வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மாமாங்கம், திருக்கோவில், பொத்துவில் என ஊர்தோறும் தங்கி, உகந்தை மலையை அடையும்போது பல வாரங்கள் கழிந்திருக்கும். அதற்கு அப்பால் ஊரில்லை. காடு மட்டுமே உண்டு.

அக்காட்டின் வரலாற்றையே இன்று கூற விரும்புகின்றேன். உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் இடையே கிடக்கும் காடு, இக்காலத்திற் குமண, யால என்னும் இரு தேசியப் பூங்காக்களாக விளங்குகின்றது. உலகின் பல நாடுகளிலிருந்தும் யானையையும் சிறுத்தையையும் காண வருவோர், பூங்காவின் எல்லைக்கு வெளியே பாலட்டுப்பான முதலிய இடங்களில் உள்ள தனியார் விடுதிகளிலும் கூடாரங்களிலும் தங்கிச் செல்கின்றனர். காட்டிடையே சென்று தங்கும் இவ்வழக்கம் புதியதன்று. வேட்டையாட வந்தவர்களும் அங்கே தங்கினர். வழிபட வந்தவர்களும் தங்கினர். இரு சாராரும் ஒரே காட்டில், ஒரே வரட்சிக் காலத்தில், ஒரே நீர்நிலைகளை நாடித் தங்கினர். ஆயினும் அவர்கள் தங்கிய முறை வேறு. அவ்வேற்றுமை இன்றைக்கும் பொருளுடையது என்பதே எனது கருத்து.

யாலக் காடு ஆதி முதல் மனிதர் காணாத காடு என்று எண்ணுதல் தவறு. சித்துல்பவ்வ முதலிய பண்டைப் பௌத்த விகாரங்களின் இடிபாடுகள் அக்காட்டின் பாறைகளிடையே இன்றும் காணப்படுகின்றன. குளங்கட்டி நெல் விளைவித்த குடிகள் முற்காலத்தில் அங்கே வாழ்ந்தனர். குளங்கள் தூர்ந்தன; குடிகள் நீங்கினர்; பாலையும் வீரையும் முட்புதரும் அந்நிலத்தை மூடின. ஆங்காங்கே பெரும் பாறைகள் தலைதூக்கி நிற்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழை அரிது. அக்காலத்தில் யானையும் மரையும் கரடியும் எருமையும் எஞ்சிய நீர்மடுக்களைச் சுற்றித் திரியும்.

ஆங்கிலேயர் ஆட்சி இலங்கையில் நிலைபெற்ற பின்னர், காட்டு விலங்குகளின் நிலை பெரிதும் கேடுற்றது. யானையைப் பயிருக்குப் பகையாக அரசாங்கம் கருதிற்று. கொன்றவர்க்குப் பரிசுப் பணம் வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன என்று, குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய எமேர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். தெற்கிலே, காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில், 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டது. வடக்கே நம்முடைய வன்னியும் தெற்கே யாலக் காடும் இக்கேட்டில் ஒரே நிலையை அடைந்தன. மேஜர் றொஜர்ஸ் என்னும் உத்தியோகத்தர் தாம் ஒருவராகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். 1845இல் அவர் இடி விழுந்து இறந்தார். அது அவ்வுயிர்களைக் கொன்றதற்குக் கிடைத்த தண்டனை என்று சனங்கள் பேசிக்கொண்டனர்.

இந்நிலை நீடித்தால் வேட்டையாடுதற்கு விலங்கே எஞ்சாது என்பதனை முதலில் உணர்ந்தவர்கள் வேட்டைக்காரரே. தோட்டத் துரைமாரும் உத்தியோகத்தரும் சேர்ந்து 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை இலங்கையில் நிறுவினர். இன்றும் வேறு பெயருடன் நிலைத்து, இயற்கையைப் பாதுகாக்கும் பணியைச் செய்துவரும் சங்கம் அது. அச்சங்கத்தின் முயற்சியால் 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் யாலக் காடும் வில்பத்துக் காடும் ஒதுக்கிடங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பாலட்டுப்பானவுக்கும் யாலவுக்கும் இடைப்பட்ட காடு, இலங்கையில் வதியும் வேட்டைப் பிரியர்க்கென்றே ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து சுட்டுச் செல்வோருக்கு அங்கே இடமில்லை. அயலூர்க் குடியானவனுக்கும் இடமில்லை. அனுமதிப் பத்திரமும் துவக்கும் வசதியும் உடைய ஒரு சிலருக்கே அக்காடு உரியதாயிற்று. நிலம் அரசாங்கத்தினுடையதாயினும், பயனளவில் அதனை ஒரு தனிக்காப்பகம் என்றே கூறல் வேண்டும்.

அக்காப்பகத்தின் முதற் காவலரின் கதை விந்தையானது. தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த யுத்தத்திற் சிறைப்பட்ட போயர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர், 1900ஆம் ஆண்டு முதலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தியத்தலாவை முதலிய இடங்களில் வைக்கப்பட்டனர். யுத்தம் முடிந்தபின் பிரித்தானிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் தாய்நாடு திரும்பினர். அவ்வாறு செய்ய மறுத்தவர்களில் ஹென்றி எங்கல்பிறெக்ற் என்பவர் ஒருவர். தம் நாட்டுக்குத் திரும்ப முடியாத அம்மனிதர் இறுதியில் யாலக் காட்டின் காவலராக நியமிக்கப்பட்டார். 1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது, சென்னைப் பட்டினத்தைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்ற ஐயத்தில் அவர் சிறைவைக்கப்பட்டார். அரசரை ஏற்காதவரிடம் அரசருடைய காட்டை ஒப்படைத்ததும், பின்னர் அவரையே ஐயுற்றதும் அக்காலத்து ஆட்சியின் இயல்பைக் காட்டுகின்றன.

எங்கல்பிறெக்ற் விட்டு வந்த தென்னாபிரிக்காவிலும் இதே காலத்தில் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது. 1898இல் அங்கே சாபி ஆற்றங்கரையில் வேட்டை விலங்குக் காப்பகம் ஒன்று ஏற்பட்டது. 1926இல் அது விரிந்து குறூகர் தேசியப் பூங்காவாயிற்று. அதன் ஓரத்து நில உடைமையாளர்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துத் தனியார் காப்பகங்களை அமைத்தனர். பணம் செலுத்திக் காட்டிடையே தங்கி விலங்குகளைக் காணும் வழக்கம் உலகெங்கும் பரவுதற்கு அந்நாடு ஒரு முக்கிய காரணம். துவக்கு இருந்த கையில் பின்னர் படக்கருவி வந்தது. ஆயினும் காடு, அதனுள் தங்கும் வசதியைப் பெற்றோருக்கே திறந்திருக்கும் என்ற எண்ணம் முற்றிலும் மாறிவிடவில்லை.

யாலக் காட்டின் அயலிலே வாழ்ந்த ஏழைகளின் நிலையை அறிதற்கு நமக்கு ஒரு சான்று உண்டு. 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் தொடங்கிய லெனார்ட் வூல்ஃப் என்னும் இளைஞர், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றினார். எங்கல்பிறெக்ற்றை அவர் நன்கறிவார். தமது உத்தியோகத்தை விட்டு விலகிய பின், 1913இல், காட்டிடையே கிடந்து அழியும் ஒரு சிற்றூரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் வெளியிட்டார். கடன் கொடுத்தவனுக்கும் தலைமைக்காரனுக்கும் இடையே அகப்பட்டு அழியும் ஓர் எளிய வேட்டுவனின் குடும்பமே அதன் பொருள். காட்டைத் தன் கைபோல் அறிந்த அவ்வேட்டுவன் சட்டத்தின் முன்னே ஒன்றுமறியாதவனாக நிற்கின்றான். காட்டை அறிந்தவன் ஒருவன். காட்டின்மேல் உரிமை உடையவன் வேறொருவன். அக்காலத்து நிலைமையை இந்நாவல் போல் விளக்கும் நூல் வேறொன்றை நான் அறியேன்.

இனி, வழிபட வந்தவர்களின் வரலாற்றைப் பார்ப்போம். கதிர்காம யாத்திரை, ஒதுக்கிடங்களுக்கும் சட்டங்களுக்கும் முற்பட்டது. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் தமிழகத்தாரும், சிங்களப் பௌத்தரும், முஸ்லிம்களும் அங்கே கூடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாந்திபேதி யாத்திரிகர் கூட்டத்தினூடே பரவிப் பலரைக் கொன்றது. ஆதலால் அரசாங்கம் யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தி, அனுமதிச் சீட்டு வழங்கும் முறையை ஏற்படுத்திற்று. நோயைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆயினும், வேட்டைக்காரனுக்கு அனுமதிப் பத்திரம் காட்டைத் திறந்தது. அடியவனுக்கு அனுமதிச் சீட்டு வழியைச் சுருக்கிற்று என்பதனையும் நாம் மறக்கலாகாது. 1910இல் வூல்ஃப் கதிர்காமத்திலே தங்கி யாத்திரையை மேற்பார்வை செய்தார். கடவுள் நம்பிக்கை இல்லாத அவருடைய மனத்தையும் அவ்வடியார்களின் உறுதி தொட்டது.

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை காட்டினூடே ஐந்தாறு நாள் நடக்கவேண்டும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்பன அவ்வழியில் அடியார்கள் தங்கும் இடங்கள். அவை மரத்தாலும் நீராலும் பெயர் பெற்ற தங்குமிடங்களே. அங்கே மடமும் இல்லை, கூரையும் இல்லை. ஆற்று மணலிலே கையால் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பர். சுள்ளி பொறுக்கி உலை வைப்பர். இரவிலே நெருப்பு மூட்டி, முதியோரையும் பிள்ளைகளையும் நடுவில் உறங்கவைத்து, சுற்றிலும் ஏனையோர் படுப்பர். பாலைப்பழம் உதிரும் காலமாதலால் கரடி அம்மரங்களை நாடி வரும். மாலையானதும் யானைகள் நீருக்கு இறங்கும். யானையைக் கண்டால் கல்லெறிதல் அடியார் வழக்கமன்று. பிள்ளையாரே என்று கைகூப்பி, அது போகும் வரை ஒதுங்கி நிற்பர். வழியிலே ஒருவரை ஒருவர் ஊர்ப்பெயராலும் குலப்பெயராலும் அழையாமல் சாமி என்றே அழைப்பர். அக்காட்டில் எல்லாரும் முருகனின் விருந்தினர் என்பதே அவர்கள் கொள்கை.

வேட்டைக்காரன் தங்கிய இரவையும் இதனோடு வைத்து எண்ணிப் பாருங்கள். வண்டிகளிலே கூடாரமும் உணவுப் பொருளும் ஏற்றி, பணியாளரோடு வருவான். வரட்சிக் காலத்தில் விலங்கு நீருக்கு வந்தே தீரும். மடுவின் அருகே மறைந்திருந்தாற் குறி தப்பாது. ஒரே மடுவில் ஒருவன் தன் தாகத்துக்கு நீர் தேடினான். மற்றொருவன் விலங்கின் தாகத்தைத் தன் வேட்டைக்குத் துணையாக்கினான்.

வேட்டைக்காரரைப் பழித்துரைப்பது மட்டும் என் நோக்கமன்று. அவர்கள் அன்று அக்காட்டை ஒதுக்கியிராவிடின், இன்று அங்கே காடும் இராது, அடியார் நடக்கும் வழியும் இராது. தம் வேட்டைக்காகக் காத்தது பிறர்க்கும் பயன்பட்டது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1938 மார்ச்சு 1ஆந் திகதி யால தேசியப் பூங்காவாயிற்று. அப்பொழுது விவசாய அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் தனியாக அமைக்கப்பட்டது. காடு ஒரு சிலருடைய வேட்டை நிலம் என்ற நிலை நீங்கி, நாட்டின் பொதுச் செல்வம் என்ற நிலை பிறந்தது.

அதன் பின்னர் வந்த உள்நாட்டுப் போர் அடியார் வழியைப் பெரிதும் குலைத்தது. யால கிழக்கு என்று அப்பொழுது வழங்கிய குமணப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. 2006இல் அது குமண எனப் பெயர் மாற்றம் பெற்றது. சந்நிதியிலிருந்து நடை தொடங்க இயலாத ஆண்டுகள் பல கழிந்தன. 2009இல் போர் முடிந்தபின், தொண்டைமானாற்றங்கரையிலிருந்து வேலோடு புறப்படும் வழக்கம் மீண்டும் தழைத்தது. இக்காலத்தில் விழாவை முன்னிட்டுக் குறித்த சில நாட்களுக்குக் காட்டுவழி திறக்கப்படுகின்றது. அதனூடே செல்வோர் பல்லாயிரவர்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் வருகின்றது. முற்காலத்து அடியவன் கொண்டு சென்றது ஒரு மூட்டையும் ஓர் ஊன்றுகோலும். அவன் விட்டுச் சென்றது அணைந்த நெருப்பின் சாம்பல் மட்டும். இன்று அவ்வழியிற் செல்வோரின் கூட்டம் பெருகியபோது, பிளாஸ்திக்குப் போத்தலும் பையும் உடன் செல்கின்றன. மானும் யானையும் அவற்றை உண்டு வருந்தும். விருந்தினனாக நடப்பதாற் பெற்ற உரிமை, விருந்தினனின் ஒழுக்கம் கெட்டால் நிலைக்குமோ? வழியை மூடவேண்டும் என்று கூறுவோருக்கு நாமே காரணம் தேடிக் கொடுத்தல் ஆகாது. அதுபோலவே, விலங்கைக் காத்தல் என்ற பெயரால் நூற்றாண்டுகள் பழைய வழியை அடைத்துவிட்டு, பணம் உடையோரின் வாகனங்களுக்கு மட்டும் காட்டைத் திறத்தலும் நியாயமாகாது. அது 1900ஆம் ஆண்டின் ஒதுக்கிடத்துக்கு மீண்டும் செல்வதாகும்.

சட்டமும் குடிகளும் ஒன்றுபட்டுக் காத்தமைக்குத் தமிழகத்திலே பழைய எடுத்துக்காட்டு உண்டு. தொண்டைமண்டலத்தில், செங்கற்பட்டுக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் என்னும் ஊரில், ஏரியில் வந்து தங்கும் பறவைகளை ஊரவர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்ல எரு என்பதனை அவர்கள் அறிவர். துவக்கோடு வந்து பறவைகளைச் சுட்டவர்களைப் பற்றி அவர்கள் முறையிட, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அப்பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரவர்க்கு எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் குடிகளை வெளியேற்றிக் காவல் வைக்கவில்லை; குடிகளின் காவலை ஏற்று உறுதி செய்தது.

இக்கேள்வி நமது வீட்டு வாயிலுக்கும் வந்துவிட்டது. தொண்டைமானாற்றிலே வாய்திறக்கும் களப்பு, தென்கிழக்கே சுண்டிக்குளப் பக்கம் வரை செல்கின்றது. மாரியிற் பூநாரையும் பிற நீர்ப்பறவையும் வந்து கூடும் சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாயிற்று. 2015இல் விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாயிற்று. பறவைக்கு அது புகலிடம். கரையோரத்துக் குடிகளுக்கு அது தொழில் செய்யும் நீரும் நிலமும். எல்லைக் கல்லை நாட்டுமுன் அவர்களுடைய சொல்லையும் கேட்டு, காவலில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தால், வேடந்தாங்கலில் நிகழ்ந்தது இங்கேயும் நிகழலாம். கேளாது விட்டால், யால அயலிலே அந்த வேட்டுவனுக்கு நேர்ந்ததே நேரும்.

சந்நிதி ஆற்றங்கரையில் வேலைத் தோளிலே தாங்கி நடை தொடங்கும் அடியவன், உவர்வெளியைக் கடந்து, கடற்கரையைக் கடந்து, கடைசியில் வரண்ட காட்டினுட் புகுகின்றான். அங்கே சில இரவுகள் தங்குகின்றான். எதனையும் கொல்லாமல், எதனையும் எடுக்காமல், எதனையும் போட்டுவிடாமல் அவன் அக்காட்டை விட்டு நீங்குவானாயின், வழியும் நிலைக்கும், காடும் நிலைக்கும். அடுத்த ஆண்டு புறப்படுவோருக்கு நாம் செய்யக்கூடிய உதவி அதுவே.